சாமிப் பெட்டியில் ஒரு பிரசவம்

"சுமதி, இங்க வா. ஓடி வராத, மெதுவா வா."

என் வீட்டுக்காரர் செந்தில் அப்படிக் கூப்பிட்டால் ஒன்று பாம்பு வந்திருக்க வேண்டும், இல்லை கண்ணாடிச் சாமான் உடைந்திருக்க வேண்டும். அடுப்படி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே போனேன்.

பெங்களூர் ஹெப்பகோடி வீட்டின் ஹால் காலியாகக் கிடந்தது. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் கீழே வண்டிக்குப் போய்விட்டன. நடு ஹாலில் ஒரே ஒரு அட்டைப்பெட்டி. அதுதான் சாமிப் பெட்டி. புது வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டியது. அதில் மேலாக விரித்திருந்த புதுத் துண்டின் மேல் சூப்பி படுத்திருந்தாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். வயிறு ஒரு தடவை இறுகித் தளர்ந்தது.

"ஐயையோ" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் அவர்.

போன வாரம் ஹெப்பகோடி வீட்டில் தண்ணீர் டேங்கருக்குக் காத்துக் கிடந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "அந்த வீட்டை எப்பத்தான் காலி பண்ணீங்க?" என்று என் தங்கையே போன் போட்டுக் கேட்டாள். காலி பண்ணினோம். கொரோனா எல்லாம் அடங்கி, ஆபீசுக்கு வா வா என்று மறுபடி கூப்பிட ஆரம்பித்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை. அந்தக் கதையில் பாதி எங்களுடையது, பாதி ஒரு பூனையுடையது.

சூப்பர்வைசர்

சூப்பி என்பது செல்லப் பெயர். முழுப்பெயர் சூப்பர்வைசர்.

நான் பொம்மசந்திராவில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறேன். எத்தனையோ சூப்பர்வைசர்களைப் பார்த்தவள். ஒரு மழை நாளில் இந்தக் கறுப்பு வெள்ளைப் பூனை எங்கள் பால்கனி வழியாக உள்ளே வந்தது. அடுப்பு மேடைக்கு எதிரே உட்கார்ந்தது. நான் மீன் கழுவுவதை முதலிலிருந்து கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தது. ஒரு துரும்பைக் கிள்ளிப் போடவில்லை. எல்லாம் முடிந்ததும் தன் பங்கை வாங்கிக்கொண்டு, அதிலும் குறை கண்டதுபோல் முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது. வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

செந்திலுக்கு முதலில் அவளைப் பிடிக்கவில்லை. காரணம் சகுனம். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிற மனுஷன். ஆபீசில் எதையும் ஆதாரம் இல்லாமல் நம்பமாட்டார். வீட்டில் பூனை குறுக்கே போனால் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். சூப்பியோ அவர் ஹெல்மெட்டை எடுக்கும்போது பார்த்துக் குறுக்கே போவாள். பாவம் மனுஷன், அந்த வருஷம் அவர் குடித்த அளவு தண்ணீரை வாழ்க்கையில் வேறு எப்போதும் குடித்திருக்கமாட்டார்.

இப்படித்தான் தொடங்கியது. அப்புறம் அவரே ஆபீஸ் விட்டு வரும்போது கால் கிலோ மத்தி வாங்கி வர ஆரம்பித்தார். "எனக்கு இல்ல, அவளுக்கு" என்று பையை நீட்டுவார். நான் சிரித்தால் கோபம் வரும்.

சூப்பியின் வயிறு பெருத்த அதே சமயத்தில் எங்களுக்குச் சந்தாபுராவில் வீடு கிடைத்தது. தண்ணீர் உண்டு, வெளிச்சம் உண்டு, மாடி வீடு. ஓனர் கௌரம்மா கீழ் வீட்டில் இருந்தார். அவர் போட்டது ஒரே ஒரு கண்டிஷன்தான்.

"நாயி, பூனை ஏனும் பேடா. மத்தது எல்லாம் உங்க இஷ்டம்."

வேண்டவே வேண்டாம் என்கிற 'பேடா' அது. கெஞ்சிப் பார்த்தேன். அந்தம்மா அசையவில்லை. ஆகவே சூப்பியை விட்டுவிட்டுப் போவது என்று முடிவானது. ஹெப்பகோடியில் எங்களுக்குக் கீழே இருந்தவர்கள் சோறு வைப்பதாகச் சொன்னார்கள். நான் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிள்ளைத்தாய்ச்சியை நடுத்தெருவில் விட்டுப் போகிறோமே!

முடிவு பண்ணியதெல்லாம் நாங்கள்தான். சூப்பியை யாரும் கேட்கவில்லை. அவள் பதில்தான் இப்போது சாமிப் பெட்டியில் படுத்திருந்தது.

முருகர் கோவிச்சுக்க மாட்டார்

பெங்களூருக்கு வந்த நாளாக நாங்கள் மாறிய வீடுகளுக்குக் கணக்கே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் செந்தில் ஒரு முறையை விடமாட்டார். சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, பால் காய்ச்சப் புதுப் பாத்திரம், எல்லாம் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். நல்ல நேரத்தில் அந்தப் பெட்டிதான் முதலில் உள்ளே போக வேண்டும். பால் பொங்க வேண்டும். அப்புறம்தான் மற்ற சாமான் வாசற்படி தாண்டும். ஒரு வீட்டில் பாத்திரம் எந்த மூட்டையில் இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் தெருவிலேயே உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு வந்ததுதான் இந்தத் தனிப்பெட்டி ஏற்பாடு.

சூப்பிக்கும் நான் ஒரு பெட்டி தயார் பண்ணியிருந்தேன். அவளைப் பரிசோதித்த டாக்டரம்மா சொன்னபடி, பால்கனி மூலையில், இருட்டாக, என் பழைய நைட்டி விரித்து. அவள் அதைப் போய்ப் பார்த்தாள். ஒரு தடவை பிறாண்டினாள். திரும்பி வந்துவிட்டாள். மேலே சொன்னேனே, குறை கண்டுபிடிக்கிற ஜாதி என்று.

"வெள்ளிக்கிழமை அதுவுமா! சாமிப் பெட்டிலயா!" செந்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். "தீட்டு சுமதி! பால் காய்ச்சற பாத்திரம் அவளுக்கு அடியில இருக்கு!"

"தீட்டாவது கீட்டாவது. அடியில இருக்கறது முருகர் படம்தானே? மயிலு, சேவல், பாம்புன்னு எல்லாத்தையும் கூடவே வெச்சிக்கிட்டு நிக்கறவரு. ஒரு பூனைக்கு எடம் குடுக்க மாட்டாரா? கோவிச்சுக்க மாட்டாரு, போங்க."

"பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிடும்."

"அவகிட்ட சொல்லுங்க."

சொல்லவில்லை. ஆனால் மெல்ல அவளைத் தூக்கி நைட்டிப் பெட்டிக்கு மாற்றப் பார்த்தார். சூப்பி தொண்டையிலிருந்து ஒரு சத்தம் விட்டாள். கையை எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரர் மஞ்சுநாத் மேலே வந்தார். ஆறடி உயரம். எங்கள் ஃபிரிட்ஜை ஒற்றை ஆளாக முதுகில் கட்டி இறக்கியவர்.

"சார், லோடு எல்லா ஆயித்து. அந்தப் பெட்டி ஒண்ணுதான் பாக்கி. குடுங்க."

குனிந்து பார்த்தார். சரியாக அப்போதுதான் முதல் குட்டி வந்தது.

"அய்யோ தேவ்ரே" என்று அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. "எனக்கு ரத்தம் ஆகாது அக்கா. சொல்ப தண்ணி குடுங்க."

ஒரு பக்கம் பூனைக்குப் பிரசவம், ஒரு பக்கம் ஆறடி ஆளுக்குத் தண்ணீர். டம்ளர் எல்லாம் வண்டியில். பாட்டிலோடு கொடுத்தேன்.

குட்டி போட்ட பூனை

முதல் குட்டி அம்மாவைப்போலவே கறுப்பு வெள்ளை. சூப்பி அதைச் சுற்றியிருந்த சவ்வை நக்கிக் கிழித்து, குட்டியைப் புரட்டிப் புரட்டி நக்கினாள். அது எலிக்குரலில் கத்தியது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. அது மஞ்சள். எனக்கு ஒன்றும் வேலையே இருக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அவ்வளவுதான்டி, என் கண்ணு, ஆச்சு ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்குச் சொன்னேனோ தெரியாது.

பதறி அலைகிறவனைக் குட்டி போட்ட பூனை மாதிரி அலையுறான் என்போம். இந்தச் சொலவடையைச் சொன்னவர் குட்டி போட்ட பூனையைப் பார்த்திருக்கவே மாட்டார். குட்டி போட்ட பூனை நிம்மதியாகப் படுத்திருந்தது. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்.

"முடிஞ்சிடுச்சா?"

"வயித்துல இன்னும் இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"கை வெச்சுப் பாத்தேன்."

பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சூப்பி முக்கினாள். நிறுத்தினாள். மறுபடி முக்கினாள். அவள் கண் பாதி மூடிப்போனது. இரண்டு குட்டிகளையும் நக்குவதைக்கூட விட்டுவிட்டாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தார்.

"இழுக்க மட்டும் இழுக்காதீங்க" என்றார். "இன்னும் கொஞ்சம் பாருங்க. வரலன்னா உடனே இங்க தூக்கிட்டு வாங்க. போனைக் கட் பண்ணாதீங்க, ஸ்பீக்கர்ல போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். சூப்பி ஒரு தடவை கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மூன்றாவது வந்து விழுந்தது.

விழுந்தது விழுந்தபடி கிடந்தது. சவ்வு அப்படியே மூடியிருந்தது. சூப்பி தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி சாய்ந்துவிட்டாள். அவளிடம் தெம்பு இல்லை.

"டாக்டர், அசையல! அவ நக்கவும் மாட்டேங்கறா!"

"நீங்க பண்ணுங்க. நகத்தால மூஞ்சிகிட்ட சவ்வைக் கிழிங்க. மூக்கு, வாயைத் தொடைங்க. தலை கீழ்ப்பக்கமா இருக்கட்டும். துணியால நல்லாத் தேய்ங்க. பயப்படாதீங்க, அழுத்தியே தேய்ங்க."

கிழித்தேன். வழவழவென்று சூடாக இருந்தது. என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை அந்த உயிர்.

"துணி! துணி குடுங்க!"

துண்டு, போர்வை, பழந்துணி எல்லாம் வண்டியில் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. என் கையில் இருந்தது அடுப்படி துடைத்த அழுக்குத் துணி. பெட்டியில் இருந்த துண்டு நனைந்துபோயிருந்தது.

ஜன்னல் கொக்கியில் ஒரு பை தொங்கியது. பால் காய்ச்சும்போது கட்டுவதற்காக மஞ்சள் தடவி வைத்திருந்த புது வேட்டி அதில் இருந்தது. கசங்கிவிடும் என்று வண்டியில்கூட ஏற்றவிடாமல் வைத்திருந்தார். நான் அதைக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. அவரே பையைப் பிடுங்கி, வேட்டியை உதறி என் மடியில் போட்டார்.

"தேய், சுமதி. தேய்!"

தேய்த்தேன். முதுகில், நெஞ்சில், திரும்ப முதுகில். போனில் டாக்டரம்மா, "தேய்ங்க, விடாதீங்க" என்றார். படிக்கட்டில் இருந்து மஞ்சுநாத், கண்ணை மூடிக்கொண்டே, "பிடபேடி அக்கா, பிடபேடி" என்றார். விடாதே என்பதைத்தான் அவரும் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு தும்மல்.

கொசு தும்மினால் எப்படி இருக்கும்? அவ்வளவுதான் சத்தம். அப்புறம் ஒரு வாய் திறந்தது. ரோஜாப்பூ நிறத்தில். அப்புறம் ஒரு கீச்.

நான் ஓவென்று அழுதேன். செந்தில் அதை வேட்டியோடு வாங்கி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். சாம்பல் நிறத்தில் வரிவரியாக இருந்தது.

"ராகு காலத்துல பொறந்திருக்கான்" என்றார். அவர் மூக்கும் சிவந்திருந்தது. "ராகுன்னே வெச்சிடலாம்."

ராகு பிற்பாடு பெண் என்று தெரிந்தது. பெயரை மாற்றவில்லை.

குட்டியானையில் ஒரு குடும்பம்

பெயிண்டர் வந்துவிட்டார். அடுத்த வாடகைக்காரர் வருவதற்குள் வெள்ளை அடிக்க வேண்டுமாம். டப்பாவைத் திறந்ததுமே வாடை வீடு முழுக்க ஏறியது.

டாக்டரம்மாவிடமே கேட்டேன். குட்டி போட்டவளை உடனே இடம் மாற்றுவது நல்லதில்லை, ஆனால் பெயிண்ட் வாடையில் கிடப்பது அதைவிடக் கெடுதல், பெட்டியை மூடினாற்போல இருட்டாக வைத்து, குலுங்காமல் கொண்டுபோங்கள் என்றார். கொண்டுபோகலாம், சரி. எங்கே?

"கௌரம்மா உள்ள விடலன்னா?" என்றேன்.

"விடலன்னா வேற எங்கயாவது போவோம்" என்றார் செந்தில்.

"எங்க?"

"எங்கயாவது. இவங்கள விட்டுட்டு வரமாட்டேன்."

பூனை குறுக்கே போனால் தண்ணீர் குடிக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது! எனக்கு அந்த நேரத்தில் அவரை ரொம்பப் பிடித்தது. நேரில் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

குட்டியானை வண்டியில் முன்சீட்டில் நாங்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் மடியில் சாமிப் பெட்டி. மேலே வேட்டி. உள்ளே சூப்பி, மூன்று பிள்ளைகள், அடியில் முருகர். மஞ்சுநாத் ஓசூர் ரோட்டில் அந்த வண்டியைத் தேர் மாதிரி ஓட்டினார். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியே கையை நீட்டி, "பாணந்தி இத்தாளப்பா, மெல்லகே!" என்று கத்தினார். லாரிக்காரருக்கு என்ன புரிந்ததோ, ஒதுங்கிப் போனார்.

பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்குக் கன்னடத்தில் பாணந்தி என்று பெயர். அந்த வார்த்தையை நான் சரியாகக் கவனித்தது அன்றைக்குத்தான்.

வாசலில்

கௌரம்மா காலையிலிருந்து எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். வாசலில் கோலம். கையில் ஆரத்தித் தட்டு. கண்டிஷன் போடுகிறவர்தான், ஆனால் குடி வருகிறவர்களுக்கு முறை செய்யாமல் விடமாட்டார்.

"யாக்கம்மா இவ்வளவு லேட்டு? ராகு காலம் முடியட்டும்னு நின்னீங்களா?"

"ஆமாங்க ஆன்ட்டி" என்றேன். முழுப்பொய்யும் இல்லை.

அவர் தட்டைத் தூக்கினார். செந்தில் பெட்டியோடு படிக்கு முன்னால் நின்றார். பெட்டி, "மீ" என்றது.

தட்டு அப்படியே நின்றது.

"ஏனது?"

நான் வாயில் வந்த எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது.

"பூனைங்க ஆன்ட்டி. காலையிலதான் குட்டி போட்டுச்சு. மூணு. விட்டுட்டு வர மனசு வரல. நீங்க வேணாம்னா நாங்க... நாங்களும் வரல."

கௌரம்மா தட்டைத் திண்டில் வைத்தார். வேட்டியின் ஒரு முனையைத் தூக்கி உள்ளே பார்த்தார். சூப்பி அவரைப் பார்த்தாள். மஞ்சுநாத் வண்டியின் கயிற்றை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பிடித்தபடி நின்றார்.

கௌரம்மா வேட்டியைப் பழையபடி மூடினார். திரும்பி என்னை ஒரு முறை முறைத்தார்.

"புத்தி இருக்கா உங்களுக்கு? பாணந்தியை இப்படி வெயில்ல, வாசல்ல நிக்க வெப்பாங்களா?"

அந்தம்மாவுக்கு மூன்று மகள்கள். மூன்று பேருக்கும் பேறுகாலம் பார்த்தது அந்த வீட்டில்தான் என்று பிற்பாடு சொன்னார். அன்றைக்கு ஆரத்தித் தட்டை எடுத்தார். எங்களுக்கு அப்புறம்தான். முதலில் அந்த அட்டைப்பெட்டிக்கு மூன்று சுற்று. ஆரத்தி நீரைத் தொட்டு, பெட்டியின் மூலையில் ஒரு பொட்டு வைத்தார்.

"வலது கால் எடுத்து வெச்சு வாங்க" என்றார் செந்திலிடம். அவர் வலது காலா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

பால் காய்ச்சும் பாத்திரம் சூப்பிக்கு அடியில். எடுக்க முடியாது. கௌரம்மா கீழிருந்து தன் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். பால் பொங்கி வழிந்தது. "எமகண்டத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டோம்" என்று செந்தில் சந்தோஷப்பட்டார். வேட்டி இல்லாமல், ரத்தக்கறை பட்ட பேன்ட்டோடுதான் சாமி கும்பிட்டார். முருகரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கும்பிட வேண்டியிருந்தது. அது பரவாயில்லை.

கிளம்பும்போது கௌரம்மா படியில் நின்று விரலை ஆட்டினார்.

"பாணந்தனம் முடியற வரைக்கும்தான். குட்டிங்க ஓட ஆரம்பிச்சதும் அனுப்பிடணும். கண்டிஷன் கண்டிஷன்தான்."

ஏழு வீடு

பூனை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு மாறும் என்பார்கள். எங்களைவிடக் கம்மிதான்.

குட்டிகள் கண் திறந்தன. தத்தக்கா பித்தக்கா என்று நடந்தன. ஒவ்வொரு நாளும் அவை ஓட ஆரம்பித்துவிடுமோ என்று பயந்துகொண்டே வேலைக்குப் போனேன். கம்பெனியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பூனைக்குட்டி வேண்டுமா என்று கேட்டேன். யாராவது சரி என்றால் உடனே, "சும்மா கேட்டேன்" என்றேன்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் பெட்டி காலி. சூப்பி இல்லை. ஒரு குட்டிகூட இல்லை. கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்குள், எங்கும் இல்லை. பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்தேன், திரும்ப நடந்தேன். செந்தில் அப்போதுதான் வந்து, "ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி அலையற?" என்றார். அவரை அடிக்கக் கையை ஓங்கினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது.

கௌரம்மாதான் அனுப்பிவிட்டார் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. கண்டிஷன் கண்டிஷன்தானே. நான் செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கினேன்.

கீழ் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன்.

கௌரம்மா கட்டிலில் சுவரோடு சாய்ந்து, காலை நீட்டி, பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய சேலை மடிப்பில் மூன்று குட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கின. மேலாகக் கிடந்தவள் ராகு. தலையணையில் சூப்பி. அவளேதான் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறாள்.

"ஷ்ஷ்" என்றார் கௌரம்மா. "இப்பத்தான் தூங்குச்சுங்க. கால் மரத்துப் போச்சு. பரவால்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ஆன்ட்டி, பூனை கூடாதுன்னு நீங்கதானே..."

"அது வாடகைக்கு இருக்கறவங்களுக்குச் சொன்னது" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "இது என் வீடு. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ. பாணந்திக்குக் காத்து ஆகாது."